உங்களுக்குத் தெரியுமா? அளவெடுத்துச் செய்த கருவிகள்

★ செயற்கை உறுப்பு என்றதும் ஏதோ நேற்று வந்த விஞ்ஞானம் என்று நினைத்துவிடாதீர்கள். எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் உள்ள ஒரு கல்லறையில் புரோகிதர் ஒருவரின் மகளுடைய உடல் கிடைத்தது. வலது காலில் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில், மரத்தாலும் தோலாலும் செய்த விரல் ஒன்று பட்டையால் கட்டப்பட்டிருந்தது. அதன் வயது ஏறக்குறைய 3,000 ஆண்டுகள். கட்டைவிரல் இல்லாத இரண்டு பேருக்கு இதே மாதிரி நகல் செய்து போட்டு, செருப்புடன் நடக்கவிட்டுப் பார்த்தார்கள் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார். நடக்க நன்றாகவே உதவியது. அழகுக்காக மட்டும் வைத்த பொருள் இல்லை என்பது உறுதியாயிற்று.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தார் நுண்ணோக்கியில் கண்டது. அந்த ஒரே விரலை அந்தப் பெண்ணின் காலுக்குப் பொருந்தும்படி பலமுறை திருத்தியிருக்கிறார்கள். இங்கே உறுத்துகிறது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும், செய்தவர் வாங்கி மறுபடி செதுக்கியிருக்க வேண்டும். இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் கருவிகள் எல்லாமே அப்படிச் சொன்னவர்களாலும் காது கொடுத்துக் கேட்டவர்களாலும் உருவானவைதாம்.

★ ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகருக்கு அருகே ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்று ஒரு கடிகாரத் தொழிலாளி. நடக்க முடியாதவர். 1655இல், 22 வயதில், தனக்குத்தானே ஒரு மூன்று சக்கர வண்டி செய்துகொண்டார். முன்சக்கரத்தோடு இணைந்த கைப்பிடியைச் சுற்றினால் வண்டி நகரும். பற்சக்கரம்தான் அவருக்குக் கைவந்த தொழிலாயிற்றே! நம் ஊர்க் கடைத்தெருக்களில் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள்களுக்கு அதுதான் முப்பாட்டன்.

★ தட்டச்சு இயந்திரம் பிறந்தது அலுவலகத்துக்காக அன்று. இத்தாலியில் பெல்லெக்ரினோ தூரி என்பவர் 1808 வாக்கில் செய்த ஆரம்பகால இயந்திரங்களில் ஒன்று, கரோலினா ஃபாண்டோனி என்ற பார்வையற்ற சீமாட்டிக்காக. கடிதத்தை இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்காமல் தானே எழுத வேண்டும் என்பது அவருடைய தேவை. இயந்திரம் இன்று இல்லை. அதில் அவர் அடித்த கடிதங்கள் சில இருக்கின்றன. மை படிய வைக்க தூரி கையாண்ட வழிதான் கார்பன் தாளின் தொடக்கங்களில் ஒன்று.

★ பிரெயில் எழுத்தில் ஒரு கட்டத்துக்கு ஏன் ஆறே புள்ளிகள் தெரியுமா?

லூயி பிரெயில் 3 வயதில், குதிரைச் சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் குத்தூசியோடு விளையாடி, கண்ணில் பட்டுப் பார்வையை இழந்தவர். பாரிஸ் பள்ளியில் படித்தபோது சார்லஸ் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி உருவாக்கிய புடைப்புப் புள்ளி எழுத்து அறிமுகமாயிற்று. நல்ல யோசனைதான். ஆனால் ஒரு குறிக்கு 12 புள்ளிகள் வரை, ஆறு வரிசை உயரத்துக்கு இருந்தது. விரல்நுனி ஒரு தொடுகையில் அத்தனையையும் பிடிக்காது. மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை தடவ வேண்டும், அதற்குள் முந்தைய எழுத்து மறந்துபோகும். சிறுவன் லூயி அதைப் பாதியாக வெட்டினான். மூன்று வரிசை, இரண்டு பத்தி, ஆறு புள்ளி: விரல்நுனிக்குள் கச்சிதமாக அடங்கும் அளவு. 1824இல் அந்த முறை உருவானபோது அவனுக்கு வயது 15. 1829இல் அச்சில் வந்தது.

பார்பியே கண்ணால் பார்த்து வடிவமைத்தார். குறை என்னவென்று கண்டுபிடித்தது படிக்கிற விரல். தமிழ் பிரெயிலுக்கும் அதே ஆறு புள்ளிதான். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது.

★ வெள்ளைக் கைத்தடியைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் பிக்ஸ். புகைப்படக்காரரான அவர் விபத்தில் பார்வை இழந்தார். வீட்டைச் சுற்றி வண்டிப் போக்குவரத்து அதிகம். 1921இல், வண்டி ஓட்டுபவர்கள் கண்ணில் படட்டும் என்று, தன் தடிக்கு வெள்ளை வண்ணம் அடித்துக்கொண்டார். செலவு ஒரு டப்பா பெயின்ட்.

★ அந்தத் தடிக்கு ஒரு குறை உண்டு. தரையில் கிடக்கும் கல்லையும் பள்ளத்தையும் காட்டும். முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் லாரியின் பின்பலகையையும் தாழ்ந்த மரக்கிளையையும் திறந்துகிடக்கும் ஜன்னல் கதவையும் காட்டாது. நெற்றி முட்டிய பிறகுதான் தெரியும். டெல்லி ஐஐடியில் பேராசிரியர் பாலகிருஷ்ணன் குழுவினர் இந்தக் குறையைப் பார்வையற்றவர்களிடமே கேட்டு அறிந்து, தடியின் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும் ஸ்மார்ட்கேன் கருவியை உருவாக்கினார்கள். மீயொலி அலையை அனுப்பி, 3 மீட்டர் வரை எதிரே இருப்பதை உணர்ந்து, தூரத்துக்குத் தக்கபடி கையில் அதிர்வு கொடுக்கும். 2014இல் வெளிவந்தது. தயாரித்தது நம் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்.

★ மடக்கும் வீல்சேர் எப்படி வந்தது? ஹெர்பர்ட் எவரெஸ்ட் அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர். சுரங்க விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு நடக்க முடியாமல் போனார். அந்தக் காலத்து நாற்காலி மரத்தால் ஆனது, கனமானது, காரில் ஏறாது. நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் இயந்திரப் பொறியாளர். இருவரும் சேர்ந்து 1933இல், இருக்கைக்கு அடியில் குறுக்கும் மறுக்குமாக இரண்டு குழாய்களை வைத்து, மடக்கினால் தட்டையாகும் எஃகு நாற்காலியைச் செய்தார்கள். இன்று ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் பார்க்கும் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் பாருங்கள், அடியில் அதே பெருக்கல் குறி தெரியும்.

★ அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கும் கடையில் விற்ற சக்கர நாற்காலி பிடிக்கவில்லை. சாதாரண வீட்டு நாற்காலியின் கால்களை எடுத்துவிட்டு, சக்கரம் பொருத்திக்கொண்டார். குறுகலான கதவுக்குள் நுழையும், பார்ப்பவர் கண்ணையும் உறுத்தாது. முழுக்கக் கையாலேயே ஓட்டும்படி மாற்றிய ஃபோர்டு கார் ஒன்றும் அவரிடம் இருந்தது.

★ இரண்டாம் உலகப் போரில், கால் முறிந்த சிப்பாய்களுக்குக் கட்டிய உலோகத் தகடு, ஸ்ட்ரெச்சர் ஆடும்போதெல்லாம் அதிர்ந்து காயத்தை மோசமாக்கியது. வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி பிளைவுட்டை வளைத்துக் கால் வடிவத்தில் அணைதகடு செய்தார்கள். அச்சு எடுத்தது சார்லஸின் சொந்தக் காலில். அமெரிக்கக் கடற்படை ஏறக்குறைய 1,50,000 வாங்கியது. போர் முடிந்ததும் அந்த வளைக்கும் வித்தையில்தான் அவர்களுடைய புகழ்பெற்ற நாற்காலிகள் பிறந்தன.

★ இனி நம் நாட்டுக் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் செயற்கைக் கால் வாங்கிப் போனவர்கள், சில மாதத்தில் அதை மூலையில் போட்டுவிட்டு ஊன்றுகோலோடு வந்து நின்றார்கள். காரணம் எளிது. அந்தக் கால் மேல்நாட்டு வாழ்க்கைக்குச் செய்தது. ஷூ போட்டால்தான் நடக்கலாம், நாற்காலியில்தான் உட்காரலாம். நம் ஆள் வயலில் சேற்றில் இறங்க வேண்டும், குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், சம்மணம் போட்டுச் சாப்பிட வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போக வேண்டும்.

எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், அதே மருத்துவமனையில் கைவினை கற்றுக்கொடுத்துவந்த ராம் சந்திர சர்மாவும் 1968இல் இதற்கு விடை கண்டார்கள். சர்மா பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். பரம்பரைக் கைவினைஞர், எல்லோருக்கும் ‘மாஸ்டர்ஜி’. அவர் கை வழியே வந்த பாதம் இப்படி இருக்கும்: குதிகாலிலும் முன்பாதத்திலும் மிருதுவான நுண்துளை ரப்பர், கணுக்காலில் மரக்கட்டை, சுற்றிலும் டயருக்குப் போடும் நூலிழை, மேலே தோல் நிறத்தில் ரப்பர் உறை. எல்லாவற்றையும் பாத வடிவ அச்சில் அடைத்துச் சூடேற்றினால் ஒன்றாக இறுகிவிடும். டயர் கடையில் வல்கனைசிங் என்பார்களே, அதே வேலைதான். கணுக்கால் எல்லாப் பக்கமும் வளையும். தண்ணீரில் நனையலாம். வெறுங்காலோடு நடக்கலாம். மரமும் ஏறலாம்.

பாதத்துக்கு மேலே வரும் காலுக்கு, தண்ணீர்க் குழாய் செய்யும் பிளாஸ்டிக் குழாயே போதும் என்று பின்னால் கண்டார்கள். மிஞ்சியிருக்கும் காலைப் பிளாஸ்டரில் அச்செடுத்து, அடுப்பில் இளக்கிய குழாயை அதன் மேல் இழுத்துப் போர்த்தினால் அந்த ஒருவருக்கான கால் தயார். 1975இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இதை இலவசமாகவே கொடுத்துவருகிறது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. மாஸ்டர்ஜியின் பெயர் அந்த அளவுக்கு வெளியே தெரியவில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான். பாதத்தை அச்சில் வார்த்த கை அவருடையது.

★ நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981இல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு, மறுபடி அடவு பழகி, 1984இல் மேடை ஏறினார். ‘மயூரி’ படம் அவருடைய கதைதான், நடித்தவரும் அவரே.

★ இலங்கையில் கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்களுக்கு அதே ஜெய்ப்பூர் கால்தான் கைகொடுத்தது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் பெயரையே தாங்கிய புனர்வாழ்வு நிலையம், போர்க்காலத்தில் உள்ளூர்த் தொழில்நுட்பர்களைக் கொண்டு கால் செய்து கொடுத்தது.

★ சர்க்கரை நோயாளிகள் போடும் எம்.சி.ஆர். செருப்பு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அது எங்கே வேரூன்றியது தெரியுமா? வேலூரில், தொழுநோயாளிகளுக்காக.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், வேலூர் சிஎம்சியில் அறுவை மருத்துவர். தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று அன்றைக்கு மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு நோயாளியாகக் கவனித்து, அது உண்மையில்லை என்று கண்டார். நோய் உணர்ச்சியை எடுத்துவிடுகிறது. அதன்பிறகு கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. காயத்தின் மேலேயே நடந்து நடந்துதான் கால் போகிறது. அறுவை செய்து கையைச் சரிப்படுத்தி அனுப்பிய சிலருக்கு ராத்திரியில் விரல் குறைந்துபோன மர்மத்துக்கும் விடை கிடைத்தது: தூங்கும்போது எலி கடித்திருக்கிறது, அவர்களுக்கு வலிக்கவில்லை. அதன்பிறகு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்கள்!

செருப்பிலும் இதே கவனம். உள்ளே நுண்துளை ரப்பர், அதுதான் எம்.சி.ஆர்.; உடலின் எடை ஒரே புள்ளியில் அழுந்தாமல் பாதம் முழுக்கப் பரவும். அடியில் முள் ஏறாத கெட்டியான டயர் ரப்பர். ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது, தையலும் பசையும் மட்டும்தான். ஆணி மேலே கிளம்பினால் அந்தக் காலுக்குத் தெரியாதல்லவா? பின்னால் ஒரு வார் கட்டாயம், ஏனென்றால் உணர்ச்சி இல்லாத காலிலிருந்து செருப்பு நழுவினாலும் தெரியாது. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் 1950களில் தொடங்கிய இந்த வேலைதான் இன்று சர்க்கரை நோயாளிகளின் காலைக் காக்கிறது.

★ அதே சிஎம்சியில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, வேலூரில் அதற்கென்று தனித்துறையையே வளர்த்தெடுத்தார்.

★ கருவி கொடுத்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவில் 227 மாற்றுத்திறனாளிகளிடம் விசாரித்து 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அவர்கள் வாங்கிய கருவிகளில் 29.3 சதவீதம் கைவிடப்பட்டுக் கிடப்பதைக் காட்டியது. கைவிட்டதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று, கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துகிறவரின் கருத்தைக் கேட்காதது. ஊன்றுகோலும் மூன்று சக்கர சைக்கிளும் விழா மேடையில் வரிசையாகக் கொடுக்கப்படும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு என்பது கொடுப்பவருக்கு வசதி.

★ ரால்ஃப் ஹாட்ச்கிஸ் 1966இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு வீல்சேருக்கு வந்த அமெரிக்கர். 1980இல் நிகராகுவா போனபோது, நான்கு இளைஞர்கள் ஒரே நாற்காலியை முறைவைத்துப் பயன்படுத்துவதைக் கண்டார். உடைந்தால் வெல்டிங் வைத்துச் சரிசெய்தது அவர்களே. அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டு, உள்ளூர்ப் பட்டறையில் கிடைக்கும் குழாயையும் சைக்கிள் சக்கரத்தையும் வைத்தே செய்யக்கூடிய நாற்காலிகளை வடிவமைத்தார். முன்சக்கரம் அகலமான ரப்பரில் இருக்கும், மணலிலும் புதையாது. ஜிம்பாப்வேப் பட்டறைகளோடு சேர்ந்து உருவான அந்தச் சக்கரத்துக்கு ‘ஜிம்பாப்வே சக்கரம்’ என்றே பெயர்.

★ அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஏமஸ் விண்டர் குழு செய்த நாற்காலியில் சக்கரத்தைத் தள்ள வேண்டாம். இரண்டு பக்கமும் நீண்ட நெம்புகோல். அதன் உச்சியைப் பிடித்துத் தள்ளினால் மேட்டில் ஏறும் வலு. கீழே பிடித்துத் தள்ளினால் சமதரையில் வேகம். கியர் மாற்றுவது கை பிடிக்கும் இடம்தான். சங்கிலியும் பற்சக்கரமும் சாதாரண சைக்கிளுடையவை, எந்த ஊர் சைக்கிள் கடைக்காரரும் ரிப்பேர் செய்யலாம். வீட்டுக்குள் வந்தால் நெம்புகோலைக் கழற்றிவிடலாம்.

★ நம் தெருவில் ஓடும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரும் இந்த வரிசையில் சேர வேண்டியதே. கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரும் இரண்டு பிரேக்கும் கையிலேயே இருப்பதால், பின்னால் இருபுறமும் சக்கரம் பூட்டினால் கால் வேலையே இல்லாமல் ஓட்டலாம். எந்தப் பெரிய ஆய்வகமும் தொடங்கும் முன்பே மெக்கானிக் ஷெட்டுகளில் இது பரவிவிட்டது. பூட்டியபின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றில் அந்த மாற்றத்தைக் குறிக்க மறக்கக் கூடாது.

★ சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் டிடிகே மறுவாழ்வு ஆய்வு மையத்திலிருந்து, உட்கார்ந்தவரே தன் முயற்சியில் எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ நாற்காலி 2019இல் வந்தது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பவருக்கு நிற்பது என்பது ரத்த ஓட்டம், எலும்பு வலு, படுக்கைப் புண் எல்லாவற்றோடும் சம்பந்தப்பட்டது. அங்கிருந்தே கிளைத்த நியோமோஷன் நிறுவனத்தின் ‘நியோஃபிளை’ நாற்காலியை ஒவ்வொருவரின் உடல் அளவுக்கும் ஏற்றபடி அமைத்துத் தருகிறார்கள். அதன் முன்னால் ‘நியோபோல்ட்’ என்ற மோட்டார் சக்கரத்தைப் பூட்டினால், அதே நாற்காலி சாலையில் ஓடும் மூன்று சக்கர வண்டியாகிவிடும். வண்டிக்கு மாறி உட்கார யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்.

★ தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ் 2011இல் ரம்பத்தில் விரல்களை இழந்தார். மருத்துவமனை சொன்ன விலைக்குச் செயற்கை விரல் வாங்க முடியாது. இணையத்தில் தேடினார். அமெரிக்காவில் ஐவன் ஓவன் என்பவர் வேடிக்கை உடைக்காகச் செய்த இயந்திரக் கை கண்ணில் பட்டது. இருவரும் கடல் கடந்து சேர்ந்து வேலை பார்த்தார்கள். வழிகாட்டியாகக் கிடைத்தது 1840களில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், ஒரு ராணுவ வீரருக்காகப் பல் மருத்துவர் ஒருவர் திமிங்கில எலும்பாலும் கயிற்றாலும் செய்த கை! பிறகு, பிறவியிலேயே ஒரு கையில் விரல் இல்லாத 5 வயதுச் சிறுவனின் தாய் கேட்டுக்கொள்ள, அந்தக் குழந்தைக்கும் செய்தார்கள். 2013 தொடக்கத்தில் வடிவத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார்கள், காப்புரிமை கேட்கவில்லை. அதிலிருந்து இ-நேபிள் என்ற தன்னார்வலர் வலை கிளம்பி, முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களையும் கை தேவைப்படும் குழந்தைகளையும் இணைத்தது.

அந்தக் கையில் மோட்டார், பேட்டரி எதுவும் கிடையாது. மணிக்கட்டை மடக்கினால் நரம்புக்கயிறு இழுபட்டு விரல்கள் மூடும். நிமிர்த்தினால் எலாஸ்டிக் திறந்துவிடும். ஆகவே மணிக்கட்டு அசையும் குழந்தைக்குத்தான் இது பயன்படும். கனமான பொருளைத் தூக்காது. பலரும் அச்சிடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவைக்கக் கூடாது. குழந்தை வளர வளர மறுபடி அளவெடுத்துச் செய்யவும் வேண்டும். அச்சிடுவது எளிது என்பதற்காக, யாரென்றே தெரியாதவருக்கு நூறு கை அச்சிட்டு அனுப்புவதை நான் பாராட்ட மாட்டேன்.

★ மலையேறும் வீரர் ஹியூ ஹெர் 1982இல், 17 வயதில், பனியில் சிக்கி இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தார். தானே செயற்கைக் கால் செய்தார். பாறை இடுக்கில் நுழைய மெல்லிய பாதம், பனிக்கு முள் வைத்த பாதம், தேவைக்கேற்ப உயரத்தையும் கூட்டிக் குறைக்கலாம். இன்று எம்ஐடியில் செயற்கை உறுப்புகளை ஆராயும் பேராசிரியர்.

★ கடற்கரையில் கிடந்த ஒரு சிப்பி காதுக்கு வழிகாட்டியது. ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க்கின் தந்தை காது கேளாதவர். உட்செவி சங்கு வடிவம். கேட்கும் நரம்பைத் தூண்டும் மின்கம்பியை அதற்குள் சேதமில்லாமல் எப்படி நுழைப்பது என்று தெரியவில்லை. 1977இல் விடுமுறையில், ஒரு சுருள் சிப்பிக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தார். நுனி நெகிழ்வாகவும் அடி விறைப்பாகவும் இருந்த புல் ஆழம் வரை போயிற்று. மறு ஆண்டே மெல்போர்னில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்.

★ காது கேளாத இயற்பியலாளர் ராபர்ட் வெய்ட்பிரெக்ட், 1964இல் தொலைபேசி ரிசீவரைக் கருவியின் மேல் வைத்து எழுத்தை ஒலியாக மாற்றி அனுப்பும் வழியைக் கண்டார். அவரும் அவருடைய காது கேளாத நண்பர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸும், நிறுவனங்கள் கழித்துப்போட்ட பழைய தொலைத்தட்டச்சு இயந்திரங்களை இதற்கு இணைத்தார்கள். காது கேளாதவர் வீட்டிலும் தொலைபேசி வேலை செய்யத் தொடங்கியது அப்படித்தான்.

★ இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் கழுத்துக்குக் கீழே அசைவில்லாத நோயாளிகளுக்கு, நர்ஸைக் கூப்பிட ஒரு விசில் மட்டும் இருந்தது. பார்வையாளராக வந்த ரெஜ் மாலிங் யோசித்தார்: ஊத முடிந்தவர் இன்னும் எவ்வளவோ செய்யலாமே? 1960 வாக்கில், குழாயில் ஊதியும் உறிஞ்சியும் விளக்கு, மணி, தட்டச்சு வரை இயக்கும் ‘போசம்’ வந்தது.

★ இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985இல் குரலை இழந்தபின் பேச உதவிய மென்பொருள், அவருக்காக எழுதியது அன்று. கலிபோர்னியாவில் வால்ட் வோல்டோஸ் தன் மாமியாருக்காக எழுதியது. மாமியாருக்கும் ஹாக்கிங்குக்கு வந்த அதே நோய். ஒற்றைப் பொத்தானை அழுத்தியே சொற்களைத் தேர்ந்தெடுக்கலாம். கை ஓய்ந்தபின் கன்னத் தசையின் அசைவை மூக்குக்கண்ணாடியில் வைத்த உணரி படித்தது. அந்த இயந்திரக் குரலின் மூலம் எம்ஐடியின் டென்னிஸ் கிளாட் என்ற ஆய்வாளருடைய சொந்தக் குரல். பிறகு இனிமையான குரல்கள் எத்தனையோ வந்தன. இதுவே என் குரல் என்று ஹாக்கிங் மாற்ற மறுத்துவிட்டார்.

★ சென்னையில் அஜித் நாராயணன், மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத குழந்தைகளுக்காக ‘ஆவாஸ்’ கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் வாக்கியமாகப் பேசும். வித்யாசாகர் நிறுவனத்தின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் பழகி வளர்ந்த கருவி அது. இப்போது டேப்லெட்டிலேயே கிடைக்கிறது, தமிழும் பேசுகிறது.

★ ஹெட்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை உதவிக் கருவிகளின் உலகில் பொதுமொழி. தாடையால் அழுத்தும் பொத்தானோ காலால் மிதிக்கும் பொத்தானோ, எதுவும் அந்தத் துளையில் சேரும். மைக்ரோசாஃப்ட் 2018இல் மாற்றுத்திறனாளிகளுக்காக வெளியிட்ட விளையாட்டுக் கருவியின் முதுகிலும் அத்தகைய துளைகள்தான் வரிசையாக இருக்கின்றன.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். பேட்டரியில் ஓடும் பொம்மை ஒன்றை எடுங்கள். இரண்டு பக்கமும் செம்பு பூசிய மெல்லிய அட்டைத் துண்டில், பக்கத்துக்கு ஒரு வயர் பற்றவைத்து, மறுமுனைகளை 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்டில் சேருங்கள். அட்டையைப் பேட்டரிக்கும் அது தொடும் தகட்டுக்கும் நடுவில் செருகினால் மின்னோட்டம் அறுபடும். பொம்மையின் விசையைப் போட்டே வைத்து, பெரிய பொத்தான் ஒன்றைச் சாக்கெட்டில் மாட்டி அழுத்தினால் பொம்மை ஓடும். சின்ன விசையைத் தள்ள விரலில் வலு இல்லாத குழந்தை, உள்ளங்கையால் தட்டித் தன் பொம்மையைத் தானே ஓட்டும். பேட்டரி பொம்மைக்கு மட்டும் இது. வீட்டு மின்சாரத்தில் கை வைக்க வேண்டாம்.

★ கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியாதவர் தண்ணீர் குடிக்க, பிளாஸ்டிக் டம்ளரின் ஒரு பக்க விளிம்பில் பிறை வடிவில் வெட்டிவிட்டால் போதும். மூக்கு இடிக்காது, தலையை அண்ணாக்க வேண்டாம். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். கரண்டியைப் பற்ற முடியாத விரல்களுக்கு, சைக்கிள் கைப்பிடி ரப்பரைக் காம்பில் மாட்டுங்கள். அதுவும் முடியாதென்றால், உள்ளங்கையைச் சுற்றி ஒட்டும் பட்டையில் சின்னப் பை தைத்து அதில் கரண்டியைச் செருகலாம்.

★ இங்கிலாந்தின் ‘ரீமேப்’ அமைப்பு 1964இல் தொடங்கியது ஒரு சகோதரிக்காக. போலியோ வந்தவரைத் தூக்கி உட்காரவைக்கக் கடையில் கிடைத்த கருவி சரிப்படாமல், பொறியாளரான பாட் ஜான்சன் தானே ஒன்று செய்தார். இன்று அங்கே ஓய்வுபெற்ற பொறியாளர்களும் தச்சர்களும் வீடு தேடிப் போய், அந்த ஒருவருக்கு மட்டும் என்ன வேண்டுமோ அதை இலவசமாகச் செய்து தருகிறார்கள். நம் ஊர் ஐடிஐ, பாலிடெக்னிக், லேத் பட்டறைகளில் இல்லாத திறமையா? மாவட்டத்துக்கு ஒன்று இப்படி வேண்டும்.

★ உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, மூக்குக்கண்ணாடி முதல் வீல்சேர் வரை ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கும் மேல். ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை.

★ உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது வீல்சேர் வாங்கப்போகிறீர்களா? அவரையே உட்காரவைத்துப் பாருங்கள். இடுப்புக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழைந்தால் அகலம் சரி. அதைவிட அகன்றால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து முதுகு வளையும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்கட்டும். கால்தட்டில் பாதம் முழுதாகப் படிந்து, தொடை இருக்கையில் பரவ வேண்டும். உணர்ச்சி இல்லாதவராக இருந்தால் நல்ல மெத்தை இல்லாமல் ஒரு நாளும் உட்காரவைக்காதீர்கள், புண் வந்தால் ஆற மாதங்கள் ஆகும். அரசு உதவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கேயும் அளவெடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அலுவலரோ கடைக்காரரோ உங்களைப் பார்த்துப் பேசினால், நாற்காலியில் உட்காரப்போகிறவரைக் காட்டி, “அவரையே கேளுங்கள்” என்று சொல்லுங்கள்.